பிர்ச் பட்டைத் துயேசோக்: வாங்குமுன் உள்ளே பாருங்கள்

ரஷ்யாவின் நோவ்கோரத் நகரில் ஒரு கைவினைக் கடையில் 1 லிட்டர் கொள்ளளவுள்ள துயேசோக் ஒன்றை வாங்கினேன். பிர்ச் மரப்பட்டையால் ஆன இந்த மூடியிட்ட உருளை டப்பாவில்தான் வடபகுதிக் கிராமத்தார் பால், தேன், குவாஸ் என்னும் புளித்த ரொட்டிப் பானம், உப்பிட்ட காளான் ஆகியவற்றைத் தலைமுறை தலைமுறையாக வைத்து வந்தார்கள். இப்போது விற்பவற்றில் பல வெறும் அலங்காரப் பொருள்கள் என்பதால், பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பார்க்க வேண்டியது உட்சுவரை. நல்ல துயேசோக்கில் அது தையலோ ஒட்டோ இல்லாத முழுக்குழாய். மரத்தில் சாறு ஓடும் கோடைத் தொடக்கத்தில், வெட்டிய தண்டிலிருந்து பட்டையை நெடுக்காகக் கீறாமல் அப்படியே உருவி எடுக்கிறார்கள். அதன்மேல் இன்னொரு பட்டையைச் சுற்றி, பல் பல்லாக வெட்டிய ஓரங்களை ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பூட்டுகிறார்கள். வெந்நீரில் இளக்கிய கீழ்விளிம்புக்குள் மரத்தட்டைப் பொருத்துவதால், பட்டை உலர்ந்து சுருங்கும்போது தட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. இரவு முழுவதும் தண்ணீர் நிரப்பி வைத்தும் அடியில் ஈரம் கசியவில்லை. அதே கடையில் பாதி விலைக்கு இருந்த டப்பாவின் உள்ளே பசையிட்டு ஒட்டிய மூட்டு தெரிந்தது. பருப்புக்குப் போதும், பாலுக்கு ஆகாது.

பட்டைக்கு வெண்மை தரும் பெட்டுலின் என்னும் பொருள் நீரை அண்டவிடாது. எளிதில் அழுகவும் விடாது. இதே ஊரின் ஈர மண்ணிலிருந்து 1951 முதல் தோண்டியெடுத்த, எழுத்து கீறிய பிர்ச் பட்டை ஓலைகள் 1,100-க்கும் அதிகம். அவை அழுகாமல் நிலைத்ததற்குக் காற்றுப் புகாத சேறும் துணை நின்றது என்பதால், கடைக்காரர்கள் சொல்வதுபோல எல்லாப் பெருமையையும் பட்டைக்கே கொடுத்துவிட முடியாது.

குறைகளும் உண்டு. வளைத்த குச்சியைக் கைப்பிடியாகக் கொண்ட மரமூடி, ஈரம் பட்டால் உப்பிச் சிக்கிக்கொள்கிறது. ஒரு கையால் டப்பாவை அணைத்துக்கொண்டு மறுகையால் திருகித்தான் திறக்க முடிகிறது. வெளிப்புறத்தில் பூசியிருந்த வார்னிஷின் நெடி போக வெகுநாள் ஆயிற்று, அது தேவையற்ற பூச்சு. சோப்பு போடாமல் வெந்நீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும்; அறையைச் சூடாக்கும் குழாயருகே வைத்தால் விளிம்பு வெடித்துவிடும்.

தேயிலையும் உப்பும் போட்டுவைக்க மட்டும் என்றால் ஒட்டு வைத்த மலிவான டப்பாவே போதுமானது. தேனோ மோரோ ஊற்றி வைக்க நினைப்பவர்கள் இரட்டை விலை கொடுத்து முழுக்குழாயையே வாங்கலாம். வார்னிஷ் பூசாததாகக் கேட்டு வாங்கவும்.