டிஜாக்சின் கொடுக்கும் முன் என்ன பார்ப்பாய்? மகளுக்கு மருந்தியல் டியூஷன் தேடிய அனுபவம்

திண்டுக்கல்லில் மருந்துக்கடை வைத்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. டி.பார்ம். படித்தவன். அதனால் என் மகள் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தபோது, மற்றப் பாடங்கள் எப்படியோ, பார்மகாலஜிக்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது என்று மனைவியிடம் சொன்னேன். மூன்றாம் செமஸ்டரில் அந்தப் பாடம் தொடங்கியதும், தினமும் கடை அடைத்துவிட்டு வந்து இரவு பத்து மணிக்கு மேல் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து, முதல் இன்டர்னலில் அவள் வாங்கியது 25க்கு 9.

விடைத்தாளை வாங்கிப் பார்த்தேன். டிஜாக்சின் என்ற இதய மருந்தைக் கொடுக்கும்போது செவிலியரின் பொறுப்புகள் என்ன என்பது கேள்வி. நான் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் மகள் ஒன்றுவிடாமல் எழுதியிருந்தாள். செடியிலிருந்து எடுக்கப்படும் மருந்து, 0.25 மில்லிகிராம் மாத்திரை, அட்டையில் சிவப்புக் கோடு, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஒவ்வொன்றும் உண்மை. ஆனால் அது கடைக்காரன் தெரிந்துகொள்ள வேண்டியது. கட்டிலின் பக்கத்தில் நிற்கும் பெண்ணுக்கு வேண்டியது அதில் ஒரு வரி கூட இல்லை. ஆசிரியை ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார்.

கல்லூரியைக் குறை சொல்ல மாட்டேன். இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பாடத்திட்டப்படி மூன்றாம் செமஸ்டரில் பார்மகாலஜிக்கு 20 மணி நேரம்தான். நான்காம் செமஸ்டரில் 60. அந்த 20 மணி நேரத்துக்குள் வயிறு, நுரையீரல், இதயம், சர்க்கரை, காசநோய் எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போக வேண்டும். தமிழ் வழியில் பிளஸ் டூ படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு மருந்தின் பெயரை எழுத்துக்கூட்டவே பாதி நேரம் போய்விடுகிறது.

முதலில் இணையவழி வகுப்பு ஒன்றில் சேர்த்தேன். மூன்று மாதத்துக்கு 6,000 ரூபாய். அழகான படங்கள், நல்ல குரல். டிஜாக்சின் இதயத் தசையில் சோடியம் பொட்டாசியம் பம்ப்பை எப்படித் தடுக்கிறது என்று இருபது நிமிடம் விளக்கினார்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே புதிதாக இரண்டு விஷயம் தெரிந்தது. மகள் கேள்வி நேரத்தில் கேட்டாள்: "சார், அப்படியானால் மாத்திரை கொடுக்கும் முன் நான் என்ன செய்ய வேண்டும்?" தேர்வுக்கு இவ்வளவு போதும் என்று பதில் வந்தது. எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்காகச் செய்த பாடத்தையே நர்சிங் என்று பெயர் மாற்றி விற்றிருக்கிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டேன், கிடைக்கவில்லை. பிறகு எம்.பார்ம். படித்த ஒரு தம்பி வீட்டுக்கு வந்து ஐந்து வகுப்பு எடுத்தார். பொறுமையானவர். வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டார்.

மூன்றாவதாகக் கிடைத்தவர்தான் நான் எழுத வந்தவர். மாதாமாதம் பிரஷர் மாத்திரை வாங்க வரும் ஒரு வார்டு சிஸ்டரிடம் புலம்பிக்கொண்டிருந்தபோது, "எங்கள் சீனியர் ஒருவர் நாகல் நகரில் இருக்கிறார், ரிட்டயர் ஆகிவிட்டார், நாலு பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்" என்றார். அரசு மருத்துவமனைகளில் 34 ஆண்டுகள். மெடிக்கல் வார்டு, ஐ.சி.யூ., கடைசியில் பிரசவ வார்டு. அந்தத் தெருவே அவரைச் சிஸ்டரம்மா என்றுதான் அழைக்கிறது.

முதல் நாள் நானும் போனேன். வைத்திருந்த ஒரே கேள்வியை அவரிடமும் கேட்டேன். டிஜாக்சின் கொடுக்கும் முன் என்ன பார்க்க வேண்டும் என்று என் பிள்ளைக்கு எப்படிச் சொல்லித் தருவீர்கள்? அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. மகளின் கையைப் பார்த்தார்.

"கடிகாரம் எங்கேம்மா?"

"போனில் பார்த்துக்கொள்வேன் மேடம்."

"வார்டில் ஒரு கையால் நோயாளியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் போனைத் தேடுவாயா? நொடிமுள் உள்ள கடிகாரம் வாங்கிக் கட்டு. இன்றைக்கு என்னுடையதை வைத்துக்கொள்."

ஸ்டெத்தஸ்கோப்பை எடுத்துக் கொடுத்து, "தம்பி, அப்படியே உட்காருங்கள்" என்று என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். இடது மார்பில் எங்கே வைப்பது என்று காட்டி, முழுசாக ஒரு நிமிடம் எண்ணச் சொன்னார். மகள் முப்பது நொடி எண்ணி இரண்டால் பெருக்கிவிட்டாள். "இதயம் தாளம் தப்பிப் போகிற நோயாளிக்குத்தானே இந்த மாத்திரையே கொடுக்கிறோம். அரை நிமிடம் எண்ணினால் தப்புகிற தாளம் உனக்குத் தெரியுமா? மறுபடி எண்ணு." இரண்டாம் முறை 76 வந்தது.

"60க்குக் கீழே வந்தால்?"

"டாக்டரிடம் சொல்வேன்."

"அதற்கு முன்னால்?"

மகள் யோசித்தாள். "மாத்திரையைக் கொடுக்காமல் நிறுத்திவைப்பேன்."

"எழுதினாயா?"

"எழுதுவேன் மேடம்."

பிறகுதான் பொட்டாசியத்துக்கு வந்தார். இதய நோயாளிக்கு நீர் பிரிய ஃபுரோசமைடும் சேர்ந்தே போகும். அது பொட்டாசியத்தையும் சிறுநீரோடு வெளியேற்றிவிடும். பொட்டாசியம் குறைந்த உடம்பில் அதே அளவு டிஜாக்சின் நஞ்சாக வேலை செய்யும். பசி போகும், குமட்டும், வெளிச்சத்தைச் சுற்றி மஞ்சளாகத் தெரிகிறது என்பார்கள். "சாப்பாடு பிடிக்கவில்லை சிஸ்டர் என்று ஒரு தாத்தா சொன்னால், ஆஸ்பத்திரிச் சாப்பாடு அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விடாதே. கேஸ் ஷீட்டைத் திருப்பி அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று பார்." இந்த இரண்டு மாத்திரைகளையும் ஒரே கவரில் போட்டு எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன். பசி எப்படி இருக்கிறது என்று நான் ஒருவரையும் கேட்டதில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியிலேயே கடிகாரம் வாங்கினோம்.

அவர் பாடம் எடுக்கும் விதமே அப்படித்தான். மருந்தின் பெயரைச் சொன்னதும் மூன்று கேள்வி: கொடுப்பதற்கு முன் என்ன பார்ப்பாய், கொடுத்த பின் எதைக் கவனிப்பாய், நோயாளியிடம் என்ன சொல்லி அனுப்புவாய். மருந்து உடம்புக்குள் என்ன செய்கிறது என்பது அந்தக் கேள்விகளுக்குக் காரணமாக உள்ளே வரும். காரணத்தோடு வருவதால் பிள்ளைகளுக்கு மறப்பதில்லை.

இன்சுலின் வகுப்பைச் சொல்லியாக வேண்டும். காலியான இன்சுலின் குப்பியில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார். நம் ஊரில் குப்பியில் வருவது பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கு ஆரஞ்சு மூடி. மகளிடம் எதுவும் சொல்லாமல் ஆரஞ்சு மூடியைக் கொடுத்து, "20 யூனிட் எடு" என்றார். அவள் 20 கோடு வரை கச்சிதமாக இழுத்து, குமிழி தட்டி, பெருமையாக நீட்டினாள்.

"எத்தனை யூனிட்?"

"இருபது."

"எட்டு."

காகிதத்தில் போட்டுக் காட்டினார். ஆரஞ்சு சிரிஞ்சில் 20 என்ற கோடு 0.2 மில்லி. மில்லிக்கு 40 என்றால் 8 யூனிட். தலைகீழாக மாறி, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் அரை மில்லி, அதாவது 50 யூனிட். "முதல் தப்பில் சர்க்கரை ஏறும். இரண்டாவது தப்பில் விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி நினைவில்லாமல் கிடப்பார்." அன்றிலிருந்து என் கடையிலும் ஒரு மாற்றம் செய்தேன். இரண்டு சிரிஞ்சுகளையும் ஒரே டப்பாவில் வைத்திருந்ததைப் பிரித்துவிட்டேன். இன்சுலின் சிரிஞ்ச் கேட்டு வருகிறவர்களிடம் குப்பியைக் காட்டச் சொல்கிறேன்.

சொட்டுக் கணக்குக்கு ஜன்னல் கம்பியில் டிரிப் செட்டைத் தொங்கவிட்டு, கீழே வாளி. 500 மில்லி, 8 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால் நிமிடத்துக்கு 21 சொட்டு. கணக்கு யாரும் போட்டுவிடலாம். திருகியை நகர்த்தி, கடிகாரத்தைப் பார்த்து, அந்த 21ஐக் கொண்டுவந்து நிறுத்துவது வேறு. மகளுக்கு ஆறு முயற்சி ஆனது.

காசநோய் மருந்துகளை அவர் நடத்திய அன்று நான் வாசலில் வண்டியோடு காத்திருந்தேன், முழுவதும் காதில் விழுந்தது. ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், ஐசோநையசிட்டுக்குக் கைகால் மரத்துப்போகும், அதனால் கூடவே வைட்டமின் பி6, எத்தாம்பியூட்டாலுக்குக் கண்பார்வை பாதிக்கலாம். இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அவர் சொன்னது, சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய ஆய்வு மையத்தைப் பற்றி. சானடோரியத்தில் படுக்க வைத்து நல்ல சாப்பாடு போட்டால்தான் காசநோய் குணமாகும் என்று நம்பிய காலத்தில், குடிசை வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டவர்களும் அதே அளவு குணமாகிறார்கள் என்று அங்கேதான் நிரூபித்தார்கள். 1959இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுக்க வைத்திய முறையையே மாற்றியது. "வீட்டில் சாப்பிடுகிறவரை யார் பார்த்துக்கொள்வது? நீ சொல்லி அனுப்பிய வார்த்தைதான் பார்த்துக்கொள்ளும். சிறுநீர் சிவப்பாகப் போகிறது, ரத்தமோ என்று பயந்து மாத்திரையைத் தூக்கிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். முன்னாலேயே சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டார்கள்."

குறைகளையும் சொல்ல வேண்டும். அச்சடித்த நோட்ஸ் கிடையாது. பிள்ளை தானே எழுதிக்கொள்ள வேண்டும். தமிழில் நடத்துகிறார், தேர்வு ஆங்கிலத்தில். விடை எழுதும் பயிற்சியைத் தேர்வுக்கு மூன்று வாரம் முன்புதான் தொடங்கினார், எனக்கு அது தாமதமாகவே தெரிந்தது. தானியங்கி நரம்பு மண்டலம், ஆல்ஃபா பீட்டா ஏற்பிகள் என்ற பகுதியை வேகமாகக் கடந்துவிடுகிறார். அதற்கு மட்டும் அந்த எம்.பார்ம். தம்பியிடம் போனில் கேட்டுக்கொண்டோம். கோயில் விசேஷம், உறவினர் கல்யாணம் என்றால் வகுப்பு தள்ளிப்போகும். ஆனால் தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டிக்கொள்வதில்லை. டபாக்லிஃப்ளோசின் போன்ற புதிய சர்க்கரை மருந்துகள் வந்தபோது, "தம்பி, பெட்டிக்குள் வரும் தாளைக் கொண்டுவந்து கொடுங்கள், படித்துவிட்டு நடத்துகிறேன்" என்றார். அடுத்த வகுப்புக்குள் அடிக்கோடிட்டு வைத்திருந்தார்.

வாரம் இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், வகுப்புக்கு 300 ரூபாய். நான்கு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. ஐந்தாவது பிள்ளைக்கு டிரிப் செட்டில் கை வைக்க நேரம் கிடைக்காது என்கிறார். அவருடைய எண்ணைப் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. உங்கள் ஊரிலும் இப்படி ஓய்வுபெற்ற சிஸ்டர் ஒருவர் இருப்பார். அரசு மருத்துவமனை வார்டில் வேலை பார்க்கிறவர்களிடம் விசாரியுங்கள். கிடைத்தால், பணம் கட்டும் முன் ஒரு வகுப்பில் பிள்ளையோடு உட்காருங்கள். டிஜாக்சினோ இன்சுலினோ, ஏதாவது ஒரு மருந்தைச் சொல்லி, கொடுக்கும் முன் என்ன பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். பதில் மருந்திலிருந்து தொடங்குகிறதா, நோயாளியிடமிருந்து தொடங்குகிறதா என்று கவனியுங்கள். பட்டம், ஸ்மார்ட் போர்டு, ஆயிரம் பக்க பி.டி.எஃப். எதையும் நான் இப்போது கேட்பதில்லை.

இரண்டாவது இன்டர்னலில் மகளுக்கு 25க்கு 18. செமஸ்டர் தேர்விலும் தேறிவிட்டாள். இப்போது நான்காம் செமஸ்டர். பிரசவ வார்டில் வலிப்பு வராமலிருக்கக் கொடுக்கும் மக்னீசியம் சல்ஃபேட்டுக்குப் போயிருக்கிறார்கள். அடுத்த ஊசி போடும் முன் மூச்சு, சிறுநீர், முழங்காலில் தட்டினால் கால் உதறுகிறதா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும், முறிமருந்தான கால்சியம் குளூக்கோனேட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று நேற்றுச் சாப்பிடும்போது மகள் சொன்னாள். வெள்ளிக்கிழமை வகுப்புக்கு முழங்காலில் தட்டிப் பார்க்கும் ரப்பர் சுத்தியல் ஒன்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறாராம் சிஸ்டரம்மா. கடையில் இருப்பு இல்லை. மதுரைக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன்.