கிரிப்-2 குறும்படிவம்: கட்டுரை எழுத உட்காரும்போது தேடினால் கைகொடுக்காது

சுகாதார ஆய்வில் நோயாளிகளையும் பொதுமக்களையும் கூட்டாளிகளாகச் சேர்த்ததை முறையாகப் பதிவுசெய்ய உதவும் பட்டியல் கிரிப்-2 (GRIPP2). 2011-இல் வந்ததைத் திருத்தி 2017-இல் வெளியிட்டார்கள். காசு கிடையாது. நெடும்படிவத்தில் 34 அம்சங்கள், குறும்படிவத்தில் ஐந்தே ஐந்து. பங்கேற்பைப் பற்றியே ஆய்வு என்றால்தான் நெடும்படிவம் தேவை. ஆலோசனை சொல்ல இளையோர் குழு வைத்து நடத்தும் மற்ற ஆய்வுகளுக்குக் குறும்படிவம் தாராளம்.

எதற்குச் சேர்த்தோம், எப்படி, என்ன கிடைத்தது, ஆய்வு அதனால் எவ்வளவு மாறியது, எது நன்றாக நடந்தது எது சொதப்பியது: இவ்வளவுதான் கேள்வி. பலரும் சறுக்குவது மூன்றாவதில். “12 பேர், நான்கு கூட்டம்” என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அது வருகைப் பதிவேடு. அங்கே வரவேண்டியது இந்த மாதிரி: “நினைவூட்டும் குறுஞ்செய்தியில் ‘மனநல ஆய்வு’ என்று இருந்தது. போன் பூட்டியிருந்தாலும் திரையில் தெரியும், வீட்டில் யாராவது படித்துவிடுவார்கள் என்று குழு சொன்னது. ‘நாளை 4 மணிக்குச் சந்திப்பு’ என்று மாற்றப்பட்டது.” முன்பு இருந்தது, ஆட்சேபம், பின்பு வந்தது மூன்றும் இருந்தால்தான் நான்காவது கட்டத்தில் எழுத ஏதாவது மிஞ்சும். இல்லையென்றால் மூன்றாவதில் எழுதியதையே அங்கும் ஒட்ட வேண்டியதுதான்.

இதையெல்லாம் ஒன்றரை வருடம் கழித்து நினைவிலிருந்து எடுக்க முடியாது. பாதிப் பேர் படிப்பு, வேலை என்று கிளம்பியிருப்பார்கள். கூட்டம் முடிந்த அன்றே எக்ஸெலில் ஒரு வரி போடுங்கள்: தேதி, யோசனை, ஏற்றதா, இல்லையென்றால் ஏன். அந்த ‘ஏன்’ குழுவுக்கும் போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் அடுத்த கூட்டத்தில் நாற்காலிகள்தான் இருக்கும்.

ஐந்தாவது கட்டத்தை ஆய்வாளர் நிரப்பினால் பாராட்டுப் பத்திரமாகிவிடுகிறது. முதல் வரைவை இளையோரே எழுதட்டும், ஆய்வாளர் அறையில் இல்லாதபோது.

பெரிய குறை ஒன்று. இது எல்லா வயதினருக்குமான பொதுப் படிவம். வயது, பெற்றோர் சம்மதம், மதிப்பூதியம், கூட்டம் பள்ளி நேரத்தில் வைத்ததா என்பதற்கெல்லாம் குறும்படிவத்தில் தனி இடம் இல்லை. நாமே நான்கு வரி சேர்க்க வேண்டும். இன்னொரு வரியும் போடுங்கள்: இவர்கள் ஆலோசகர்களா, தரவு தருபவர்களா? இதைத் தெளிவாக எழுதாவிட்டால், ஆலோசகருக்கும் பங்கேற்பாளர் ஒப்புதல் படிவம் எங்கே என்று ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு திருப்பி அனுப்பக்கூடும்.

குறும்படிவத்துக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. நெடும்படிவத்தை 15 வயதுப் பிள்ளையிடம் அப்படியே நீட்டாதீர்கள். அதன் மொழி ஆய்வாளர்களுக்கானது.