ஏற்காட்டுக்கு 10×50 பைனாகுலர் போதுமா? பேட்ரிக் மூரின் பட்டியலை வைத்து ஒரு மதிப்பீடு

பிபிசியில் 1957 ஏப்ரலில் தொடங்கி 2012 டிசம்பர் 9 அன்று 89 வயதில் மறையும் வரை, மாதாமாதம் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வானத்தை வீட்டுக்குள் கொண்டுவந்தவர் பிரிட்டிஷ் வானியலாளர் பேட்ரிக் மூர். 55 ஆண்டுகளில் ஒரே ஒரு நிகழ்ச்சிதான் தவறியது. மலிவான சின்ன டெலஸ்கோப் வேண்டாம், முதலில் பைனாகுலர் வாங்குங்கள் என்று புதியவர்களிடம் ஓயாமல் சொன்னார். ஏற்காட்டு வானத்துக்கு அந்தப் பேச்சு அப்படியே பொருந்துகிறது.

வாங்கும்போது 10×50 (10 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 50 மி.மீ. அகலம்) போரோ வகையைக் கேளுங்கள்; முன் லென்ஸ்கள் கண் வைக்கும் பக்கத்தைவிட விலகி நிற்கும் வடிவம் அது. ஜூம் வைத்தது வேண்டவே வேண்டாம். பார்வைப் பரப்பு சுருங்கி, படமும் மங்கும். கடையிலேயே பைனாகுலரை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, கண் வைக்கும் பக்கத்தில் தெரியும் ஒளிவட்டத்தைப் பாருங்கள். முழு வட்டமாக இருந்தால் பிரிசம் (உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டை) நல்லது. ஓரம் வெட்டிச் சதுரம்போலத் தெரிந்தால் ஒளி வீணாகிறது. பிறகு தூரத்துக் கம்பம் ஒன்றைப் பாருங்கள். இரண்டாகத் தெரிந்தால் பிரிசம் நகர்ந்திருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஏற்காட்டு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் டிக்கியில் உருண்டு வந்தாலும் இதே கோளாறு வரும். மடியில் வைத்துக்கொண்டு போங்கள்.

ஃபோகஸ்: வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடப்பக்கம் விண்மீன் புள்ளியாகும்வரை சரிசெய்யுங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலப்பக்க வளையத்தை மட்டும் திருப்புங்கள். 10 மடங்கில் கை நடுங்கும், அதனால் ட்ரைபாட் அவசியம். முன்பக்க நடுமூடியைக் கழற்றினால் திருகுத் துளை இருக்கும். அதில் மாட்டும் எல் வடிவ அடாப்டர் உலோகத்தில் இருக்கட்டும். பிளாஸ்டிக் என்றால் ஆடிக்கொண்டே இருக்கும்.

இனி மூரின் பட்டியல். 1995இல் அவர் தொகுத்த 109 வான்பொருள்கள், வடக்கிலிருந்து தெற்காக எண்ணிட்டவை. எம் என்ற எழுத்தை பிரெஞ்சு வானியலாளர் மெசியே தன் பழைய பட்டியலுக்கு எடுத்துக்கொண்டதால், தன் முழுப்பெயரில் இருந்த கால்டுவெல்லின் ‘சி’யை வைத்தார். இதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, இங்கிலாந்தின் தென்கரையில் இருந்த அவர் வீட்டிலிருந்து உதிப்பதே இல்லை. சுமார் 11.8 பாகை அட்சரேகையில் இருக்கும் ஏற்காட்டில் சி 109 ஒன்றுதான் உதிக்காது!

மார்ச் நடுவில் இரவு பதினொன்றரை வாக்கில் தெற்கே 18 பாகை உயரத்தில் சி 92, கரினா நெபுலா என்ற ஒளிரும் வாயு மேகம். பின்னிரவு 2 மணியளவில் சித்திரை நட்சத்திரத்தைப் பிடியுங்கள். கையை நீட்டி, அதற்கு நேர்கீழே மூன்றரை முஷ்டி இறங்கினால் சி 80, ஒமேகா சென்டாரி என்ற உருண்டை விண்மீன் கொத்து. தனித்தனி விண்மீனாகப் பிரியாது. பிய்த்து உருட்டிய பஞ்சுபோல, நடுவில் அடர்ந்து ஓரம் கரைந்து நிற்கும். இந்தக் காட்சிக்காகவே கொடுத்த காசு தகும்.

குறை, சேலத்தின் வெளிச்சம். நகரம் தெற்கு, தென்மேற்கில் இருப்பதால் லேடீஸ் சீட் காட்சிமுனைப் பக்கம் அடிவானம் வெளுத்திருக்கும். 6 பாகைக்கு மேல் ஏறாத சி 106 என்ற இன்னொரு விண்மீன் கொத்து அதில் மூழ்கிவிடும். 31 பாகை ஏறும் ஒமேகா தப்பிவிடும்.

பனி படிந்தால் சட்டையால் துடைக்காதீர்கள், கண்ணாடி கீறும். அறைக்குள் நுழையும் முன்பே பையில் போட்டு மூடி, ஒரு மணி நேரம் கழித்துத் திறவுங்கள். மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல மணிகள் ரோஸ் நிறமானால் மாற்றிவிடுங்கள்.