சுங்கை சிப்புட் – ஹட்யாய் மூன்று நாள் பஸ் டூர்: ஓய்வுபெற்றவர்கள் பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தோட்டத்து மண்டோர்கள், ஆஸ்பத்திரி ஊழியர்கள் என்று சுங்கை சிப்புட்டில் கூட்டாளிகள் நாற்பது பேர் சேர்ந்தால் முதலில் அடிபடும் பெயர் தென் தாய்லாந்தின் ஹட்யாய்தான். மூன்று நாள், இரண்டு இரவு, அறைக்கு இரண்டு பேர், காலைச் சாப்பாடு, ஆளுக்கு நானூறு ரிங்கிட்டை ஒட்டிய கட்டணம். நம் ஊரில் விற்கப்படும் இந்த டூரில் பஸ் நன்றாக இருக்கிறது, ஹோட்டல் பரவாயில்லை. பயண நிரல்தான் அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஏற்றதாக இல்லை. முன்பணம் கட்டும் முன்பே அதை மாற்றச் சொல்லி வாங்கிக்கொண்டால் தாராளமாகப் போய் வரலாம்.

நிரலில் என்ன கோளாறு என்றால், ஏறி இறங்கும் நேரத்தை யாரும் கணக்கில் வைப்பதில்லை. 44 இருக்கை பஸ்ஸில் பயணிகளுக்கு இருப்பது ஒரே கதவு. முட்டி வலி உள்ளவர்கள் பக்கவாட்டில் திரும்பி, கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறங்குகிறார்கள். ஆளுக்குப் பதினைந்து விநாடி என்று வைத்தாலும் நாற்பது பேர் இறங்கப் பத்து நிமிடம் ஆகும். ஏற இன்னும் கூடுதலாகும். தலை எண்ணி, கழிவறைக்குப் போனவருக்குக் காத்திருந்து பஸ் நகரும்போது ஒரு நிறுத்தத்துக்கு அரைமணி நேரம் இப்படியே போய்விடுகிறது. இரண்டாம் நாளுக்கு எட்டு நிறுத்தம் போட்டிருந்தால் நான்கு மணி நேரம் படிக்கட்டிலேயே கழியும் என்று பொருள். ஒவ்வோர் இடத்தையும் பார்க்க மிஞ்சுவது இருபது நிமிடம். ஒரு நாளைக்கு நான்கு நிறுத்தம், ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு மணி நேரம் என்று கேட்டு வாங்குங்கள்.

எதை வெட்டலாம் என்றால், கடைகளை. ரத்தினக்கல், தோல் சாமான், தேன், லேடெக்ஸ் தலையணை என்று வரிசையாகக் கடைகள் இருக்கும். கட்டணம் மலிவாக இருப்பதற்கு இந்தக் கடைகள் தரும் கமிஷனும் ஒரு காரணம். அதனால் ஏஜெண்ட் எல்லாவற்றையும் நீக்க மாட்டார். “ஒரு கடை போதும், மற்றவற்றை எடுத்துவிட்டால் ஆளுக்கு எவ்வளவு கூடும்?” என்று நேரடியாகக் கேளுங்கள். முப்பது, நாற்பது ரிங்கிட் கூடினாலும் கொடுக்கலாம்.

மிச்சமாகும் நேரத்துக்கு எங்கள் விருப்பம் ஒன்று உண்டு. சடாவ் எல்லையைத் தாண்டியதும் ஹட்யாய் வரை சாலையோரம் பால்மரங்கள் தொடர்ந்து வரும். உலகிலேயே அதிக இயற்கை ரப்பரை உற்பத்தி செய்யும் நாடு தாய்லாந்து. சுங்கை சிப்புட்டைச் சுற்றிய தோட்டங்களில் செம்பனை ஏறிவிட்ட பிறகு, வெட்டுப்பட்டையில் பால் வடிவதை நம் பேரப்பிள்ளைகள் பார்த்ததே இல்லை. அங்கோ சிறு தோட்டக்காரர்கள் இன்றும் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு சீவப் போகிறார்கள். ஒரு சிறு தோட்டத்தில் அரைமணி நேரம் நிறுத்தும்படி கைடிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வெட்டின் சாய்வு, பால் பிடிக்கும் மங்கின் உயரம், பட்டையில் காயம் பட்டிருக்கிறதா என்று நம்மவர்கள் குனிந்து பார்த்துப் பேசும் பேச்சை எந்தக் கடையும் தராது. மழை பெய்திருந்தால் தரை வழுக்கும், அன்று வேண்டாம்.

பார்க்கும் இடங்களில் ஹட்யாய் நை கோவிலின் சயனக் கோலப் புத்தர் வயதானவர்களுக்கு மிக எளிது. 35 மீட்டர் நீளச் சிலை, இடம் சமதளம். சொங்க்லாவின் சமிலா கடற்கரையில் கடற்கன்னி சிலைக்கு அருகில் நிழல் மரங்கள் உள்ளன. ஆனால் காலை பத்து மணிக்குள் போய்விட வேண்டும், அதற்குப் பிறகு வெயில் தாங்காது. பக்கத்திலேயே உள்ள தங் குவான் மலைக்கு மின்தூக்கி இருக்கிறது. அது ஓடுகிறதா என்று அன்று காலையே கைடை விசாரிக்கச் சொல்லுங்கள், ஓடவில்லை என்றால் படியேறக் கிளம்ப வேண்டாம். நகராட்சிப் பூங்காவில் நான்முகப் பிரம்மா சன்னதி, குவான் இன் சிலை, நிற்கும் புத்தர் எல்லாம் மலைமேல் தனித்தனி இடங்களில் இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்பட்டால் முட்டி பேசும். பிரம்மா சன்னதியோடு நிறுத்திக்கொண்டு நிதானமாகக் கும்பிட்டுவிட்டு வரலாம்.

கிளம்பும் நாளில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வேலைக்குப் போகாதவர்கள் ஏன் வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும்? கெடாவில் வெள்ளி, சனி வார விடுமுறை. பேராக், பினாங்கு போன்ற மாநிலத்தாருக்குச் சனி, ஞாயிறு. இரண்டு கூட்டமும் மலேசிய எல்லைச் சாவடியான புக்கிட் காயு ஈத்தாமில்தான் வந்து சேரும். பள்ளி விடுமுறையானால் வரிசையில் மணிக்கணக்கில் நிற்க வேண்டியதுதான். ஞாயிறு விடியலில் கிளம்பிச் செவ்வாய் திரும்புவது நல்லது. குலோங் ஹே மிதக்கும் சந்தை வெள்ளி முதல் ஞாயிறு வரைதான் நடக்கும். ஞாயிறு மாலையே அதைப் பார்த்துவிடலாம். திங்கட்கிழமை எல்லா இடமும் காலியாக இருக்கும். வார நாள் என்பதால் அறை வாடகையும் இறங்கும். அந்தக் கழிவை ஏஜெண்ட் உங்களுக்குத் தருகிறாரா என்று கேளுங்கள்.

நவம்பர், டிசம்பர் வேண்டவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் ஹட்யாய் நகரமே மூழ்கும். 2010 நவம்பரில் அப்படித்தான் ஆனது. 2025 நவம்பரில் அதைவிட மோசமாகி, மலேசியர்கள் பலர் ஹோட்டல் மாடிகளில் சிக்கிக்கொண்டார்கள். அந்த மாதங்களில் காணும் மலிவு விலைக்கு மழைதான் காரணம்.

இனி தாள் வேலை. பாஸ்போர்ட் காலாவதியாக ஆறு மாதத்துக்கு மேல் இருக்க வேண்டும். ஐந்தாண்டு பாஸ்போர்ட்டுக்குச் சாதாரணக் கட்டணம் 200 ரிங்கிட், 60 வயதைத் தொட்டவர்களுக்கு 100. தாய்லாந்து 2025 மே 1 முதல் வருகை அட்டையை இணையத்துக்கு மாற்றிவிட்டது. போய்ச் சேரும் நாளுக்கு முந்திய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையத்தளம் எதுவாக இருந்தாலும் அது அரசாங்கத்தினுடையது அல்ல. நாற்பது பேருக்கு ஏஜெண்டே நிரப்பும்போதுதான் பிழை வருகிறது. மலேசியப் பாஸ்போர்ட் எண் ஓர் எழுத்தும் எட்டு இலக்கமும் கொண்டது. ஓர் இலக்கம் மாறினாலும் சடாவ் முகப்பில் அந்த ஒருவரைத் தனியே நிறுத்துவார்கள், பஸ் முழுவதும் காத்திருக்கும். ஏஜெண்ட் அனுப்பும் கியூஆர் தாளைப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, அச்செடுத்து உள்ளே செருகி வையுங்கள். எல்லையில் கைத்தொலைபேசியைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது.

ஏஜெண்டிடம் சுற்றுலா அமைச்சின் உரிமம் இருக்கிறதா, அதில் வெளிநாட்டுச் சுற்றுலா நடத்தும் அனுமதி உண்டா என்று பாருங்கள். 1992 ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டப்படி அது கட்டாயம். கோவில் நண்பர், பழகியவர் என்று நம்பி ரசீது இல்லாமல் பணம் கொடுப்பதுதான் நம் பக்கத்தில் அதிகம் நடக்கிறது. ரசீதில் நிறுவனத்தின் பெயர், உரிம எண், ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்ற மூன்றும் இருக்க வேண்டும். கூட்டத்தில் ஒருவராவது கடைசி வாரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்வது இந்த வயதில் சகஜம். அவர் இடத்துக்கு வேறு ஆளைப் போடலாமா என்பதையும் எழுதி வாங்குங்கள். காப்புறுதியில் வயது வரம்பையும், ஏற்கெனவே உள்ள நோயை ஏற்கிறதா என்பதையும் படியுங்கள். மலிவான பாலிசிகள் பெரும்பாலும் ஏற்பதில்லை.

பஸ்ஸுக்கு வருவோம். சுங்கை சிப்புட்டிலிருந்து எல்லை வரை சுமார் 250 கிலோமீட்டர். விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால் குனோங் செமாங்கோல், குரூண் என்று இரண்டு ஓய்விடங்களிலும் நிறுத்தச் சொல்லுங்கள். ஓட்டுநர் ஒன்று போதும் என்பார், விடாதீர்கள். பஸ்ஸில் கழிவறை இருந்தாலும் ஓடும்போது வயதானவர்கள் அதில் எழுந்து நிற்பது ஆபத்து. பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ள நடுப் பகுதியில் குலுக்கல் குறைவு. சக்கரத்துக்கு நேர் மேலே உள்ள இருக்கையில் காலை நீட்ட முடியாது. முன் வரிசைக்கு மனத்தாங்கல் வராமலிருக்க, தினமும் இரண்டிரண்டு வரிசை பின்னால் நகர்வது என்று முதல் நாளே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். முட்டி அறுவை செய்தவர்களுக்கு மட்டும் விலக்கு.

இருக்கை பெல்ட் விஷயத்தில் கறாராக இருங்கள். 2025 ஜூன் 9 அன்று நம் பேராக்கிலேயே, கிரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் பஸ் கவிழ்ந்து உப்சி பல்கலைக்கழக மாணவர்கள் பதினைந்து பேர் இறந்து போனார்கள். அதே ஆண்டு ஜூலை 1 முதல் விரைவு பஸ்ஸிலும் சுற்றுலா பஸ்ஸிலும் பயணிகள் பெல்ட் போடாவிட்டால் 300 ரிங்கிட் அபராதம். பஸ்ஸை உறுதிசெய்யும்போதே எல்லா இருக்கையிலும் பெல்ட் வேலை செய்கிறதா என்று ஒருவர் போய் ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். கொக்கி இருக்கைக்கு இடையில் புதைந்து கிடப்பது அடிக்கடி காணும் குறை.

சின்னச் சாமான் ஒன்று: ஒரு சாண் உயரமுள்ள பிளாஸ்டிக் ஸ்டூல், நான்கு காலிலும் ரப்பர் அடி உள்ளது. பஸ்ஸின் முதல் படி தரையிலிருந்து நல்ல உயரம். ஓட்டுநர் கால்வாய் ஓரமாக நிறுத்தினால் இன்னும் கூடும். ஸ்டூலை சமதளத்தில் போட்டு, ஒருவர் பக்கத்தில் நின்று இறங்குபவரின் முழங்கைக்குக் கீழே தாங்க வேண்டும். விரலைப் பிடித்து இழுத்தால் தோள்தான் வலிக்கும், விழுவதைத் தடுக்காது.

மருந்தைக் கைப்பையில் வையுங்கள். இன்சுலினைப் பஸ்ஸின் வயிற்றுப் பகுதியில் பெட்டியோடு போட்டால் சூட்டில் கெட்டுப்போகும். நான்கு மணிக்குக் கிளம்பும்போதே நீரிழிவு மாத்திரையைப் போட்டுவிட்டு ஏழு மணிக்குச் சாப்பிடுபவர்களுக்கு வழியிலேயே சர்க்கரை இறங்கி, வியர்த்து மயக்கம் வருகிறது. தட்டு முன்னால் வந்த பிறகு போடுங்கள். சிறுநீர் மாத்திரையைப் பயண நாளில் எப்போது போடுவது என்று கிளினிக்கில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை உறையில் அரசாங்க கிளினிக் ஒட்டிய பெயர்ச்சீட்டு அப்படியே இருக்கட்டும்.

ஹோட்டலில் கேட்க வேண்டியது குளியலறை. ஹட்யாயின் பழைய ஹோட்டல்களில் தொட்டிக்குள் நின்றுதான் குளிக்க வேண்டும். விளிம்பைத் தாண்டிக் காலெடுத்து வைக்கும்போது வழுக்கும். தொட்டியில்லாத அறை, மின்தூக்கிக்குப் பக்கத்தில், என்று பதிவின்போதே சொல்லுங்கள். கிம் யோங் சந்தைக்கு நடக்கும் தூரத்தில் ஹோட்டல் இருந்தால் முந்திரி வாங்க பஸ் ஏறவே தேவையில்லை. மசாஜ் போகிறவர்கள் காலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், பாதத்தில் உணர்ச்சி குறைந்த நீரிழிவுக்காரர்களும் அழுத்த மசாஜ், சுடுதண்ணீர், சூட்டு ஒத்தடம் எதையும் தொட வேண்டாம்.

சாப்பாட்டில் சைவர்கள் கவனம். காய்கறிப் பிரட்டலிலும் மீன் சாறு ஊற்றுவார்கள். “மை ஸை நாம் ப்ளா” என்றால் மீன் சாறு வேண்டாம் என்று பொருள். மஞ்சள் கொடியில் சிவப்புத் தாய் எழுத்து தொங்கும் ‘ஜே’ கடைகள் முழுச் சைவம். அங்கே வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். நிரலில் “இரவு உணவு சேர்த்து” என்று இருந்தால் சைவ மேசை தனியா என்று கேளுங்கள்.

இருக்கையில் மூன்று மணி நேரம் தொடர்ந்து உட்கார முடியாதவர்களுக்கு இந்த டூர் வேண்டாம். சுங்கை சிப்புட்டில் நிற்கும் இடிஎஸ் ரயிலில் பாடாங் பெசார் போய், நிலையத்திலேயே இரண்டு நாட்டு முத்திரையும் வாங்கிக்கொண்டு தாய் ரயிலில் ஹட்யாய் போய்ச் சேரலாம். எழுந்து நடக்க இடமுண்டு.

திரும்பும்போது புக்கிட் காயு ஈத்தாமில் எல்லாப் பெட்டியையும் இறக்கி ஸ்கேன் செய்ய வேண்டும். அதனால் ஒருவரால் தூக்க முடிந்த அளவே வாங்குங்கள். பேரப்பிள்ளைகளுக்கு மிட்டாய், பிஸ்கட் வாங்கும்போது உறையில் கஞ்சா இலைப் படம் இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பாருங்கள். அங்கே கடையில் கிடைத்தாலும் இங்கே அது போதைப்பொருள் குற்றம். தெரியாமல் வாங்கினேன் என்பது எடுபடாது. யாருக்காகவும் பொட்டலம் சுமந்து வராதீர்கள்.

பஸ் ஊருக்குள் நுழையும்போது இரவு பத்து, பதினொன்று ஆகிவிடும். டவுனில் வீடுள்ளவர்களுக்குக் கவலையில்லை. உள்ளே தோட்டத்து லயங்களிலும் தாமான்களிலும் இருப்பவர்களுக்கு அந்த நேரத்தில் வண்டி கிடையாது, பிள்ளைகளும் கோலாலம்பூரில் இருப்பார்கள். இதை ஏற்பாடு செய்யும் ஏஜெண்டுகள் குறைவு. இருபது ரிங்கிட் கூடக் கேட்டாலும், வேன் வைத்து வீட்டு வாசலில் இறக்கிவிடுபவரிடமே பதிவு செய்யுங்கள். வேன் ஓட்டுநரின் எண்ணைக் கிளம்பும் அன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.