பெருவிரல் வலிக்கு 'கார்பன் தகடு' வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

வலது கால் பெருவிரல் மூட்டு தேய்ந்துபோய் எனக்கு இரண்டு வருஷம் ஆகிறது. பி.டி. வாத்தியார் வேலை, நாள் முழுக்க மைதானத்தில்தான் நிற்க வேண்டும். எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "ஆபரேஷன் இப்போ வேணாம் சார். ஷூவுக்குள்ள வளையாத தகடு போட்டு நடங்க" என்றார்.

விஷயம் எளிது. குதிகாலைத் தூக்கி அடுத்த அடி வைக்கும்போது பெருவிரல் மேல்நோக்கி மடங்குகிறது. தேய்ந்த மூட்டில் அந்த மடிப்புதான் உயிரை எடுக்கிறது. அடியில் கெட்டியான தகடு கிடந்தால் ஷூ மடங்காது, விரலும் மடங்காது. கார்பன் ஃபைபர் என்றால் ஒன்றரை மில்லிமீட்டர் கனமே போதும், அதனால்தான் அதற்கு அவ்வளவு விலை.

நான் போன கடையில் கண்ணாடிப் பெட்டி மேல் ஏற்றிக் காலை 'ஸ்கேன்' செய்தார்கள். சிவப்பும் மஞ்சளுமாக ஒரு படம். தட்டைப் பாதமாம், முதுகுவலி வருமாம். நான் கேட்டது தகடு மட்டும். "ஒரிஜினல் கார்பன் சார், ஜோடியாத்தான் வரும்" என்று 6,800 ரூபாய் வாங்கிக்கொண்டு, துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்தார்கள். ஜிஎஸ்டி பில் கேட்காதது என் முட்டாள்தனம்.

நாலாம் நாளே வலி பழையபடி. போய்ச் சொன்னால், "புதுசுல அப்படித்தான் சார், கால் பழகணும், மூணு வாரம் போடுங்க." மூன்று வாரம் கழித்துப் போனால், "இன்னும் ஒரு பதினஞ்சு நாள்." அதற்குப் பிறகு போனபோது கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை: "ஒரு மாசம் தாண்டிடுச்சே, திரும்ப எடுக்க முடியாது." நாலாம் நாளே நான் வந்து சொன்னதற்கு என்னிடம் ஒரு துண்டுத்தாள்கூட இல்லை. கால் பழகவா நாள் கேட்டார்கள்?

வீட்டில் எடுத்துப் பார்த்தால், விரல் மடங்கும் இடத்தில் தகட்டில் வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருந்தது. ஓரத்தை நகத்தால் கீறினேன், தோல் போல உரிந்து வந்தது. பைக் டேங்கில் ஒட்டுவார்களே, கட்டம் போட்ட கறுப்பு ஸ்டிக்கர், அதேதான். உள்ளே வெறும் பிளாஸ்டிக். கார்பனில் மின்சாரம் பாயும் என்று எலக்ட்ரீஷியன் மச்சான் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தான். மின்சாரம் பாய்ந்தால் வர வேண்டிய 'பீப்' சத்தமே இல்லை.

வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் குதிப் பக்கம் ஒரு கை, விரல் பக்கம் ஒரு கை பிடித்து நன்றாக வளைத்துப் பாருங்கள். சுலபமாக வளைந்தால் அது உங்களுக்கு உதவாது. உங்கள் ஷூவையும் கொண்டுபோங்கள். உள்ளே கிடக்கும் மெத்தையை எடுத்துவிட்டு, அதற்கு அடியில்தான் தகடு போக வேண்டும். செருப்புக்கு இது சரிப்படாது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம், ஓரம் அழுத்திப் புண்ணானாலும் தெரியாது.

குறைபாடுள்ள பொருளைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மறுப்பது, பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் வரை, 2019 நுகர்வோர் சட்டப்படி தவறு. அந்த முப்பது நாளைத்தான் இழுத்தடித்தே கடத்திவிட்டார்கள். ஆனால் பிளாஸ்டிக்கைக் கார்பன் என்று விற்றதற்குப் புகார் கொடுக்க இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதிந்துவிட்டேன்.

நேற்று கடையிலிருந்து போன்: "பணமா வேணாம் சார், அதே விலைக்கு ஜெல் இன்சோல் மெத்தை எடுத்துக்கோங்க." பணம்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.