மாலையா, மாத்திரையா, கூட்டமா?

குடிப்பழக்கத்தை நிறுத்த வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் நாடும் வழி பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான்: சாமிக்கு மாலை, டாக்டர் தரும் மாத்திரை, ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்னும், குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் கூட்டம். மூன்றுமே குடியை நிறுத்த உதவலாம். நிறுத்தின பிறகு மனசை எது தாங்குகிறது என்றுதான் நான் பார்ப்பேன்.

மாலையின் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆடிக் கிருத்திகைக்கு ரத்தினகிரியோ வள்ளிமலையோ, கார்த்திகையில் ஐயப்பனோ, மாலை போட்டவரை ஊரே 'சாமி' என்று கூப்பிடுகிறது. 'வா, ஒரு குவார்ட்டர்' என்று இழுக்கும் கூட்டாளிகூட ஒதுங்கிப் போகிறான். அந்த மரியாதையை எந்த மருந்துக்கடையிலும் வாங்க முடியாது. ஆனால் மாலையைக் கழற்றும் தேதி முதல் நாளே தெரியும். பலருக்கு மலை இறங்கும்போதே நாக்கு ஊற ஆரம்பித்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. விடிந்ததும் குடிக்கிற ஆள் மாலை போட்ட அன்றே ஒரேயடியாக நிறுத்தினால் உடம்பு தாங்காது. டீ டம்ளரை இரண்டு கையால் பிடித்தாலும் சிந்தும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவார், சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார். காத்துக் கருப்பு என்று பூசாரியிடம் கூட்டிப்போகாதீர்கள், உயிரே போகக்கூடிய நிலை அது. உடனே அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ பக்கத்தில் இருக்கும் வேறு பெரிய மருத்துவமனைக்கோ போங்கள். அங்கே நடுக்கத்துக்கு மருந்தும், மூளையைக் காக்க வைட்டமின் பி1 ஊசியும் போடுவார்கள்.

மாத்திரையில் டைசல்ஃபிரம் பயத்தை வைத்துத் தடுப்பது. அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வரும். மாத்திரையை நிறுத்தியும் இரண்டு வாரம்வரை அந்த வேகம் இருக்கலாம். காலையில் மனைவி எதிரிலேயே விழுங்குகிறவருக்கு இது நன்றாக உதவுகிறது. தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். இதய நோய் இருப்பவர் என்றால் கொலைக்குச் சமம். நால்ட்ரெக்ஸோன் வேறு வகை, குடியில் கிடைக்கும் கிறக்கத்தையும் ஆசையையும் குறைக்கும். எது யாருக்கு என்பதை, ஈரலையும் பார்த்துவிட்டு, டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏ.ஏ.வுக்குக் கட்டணம் கிடையாது. குடியை விட வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும். என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு டாஸ்மாக் பக்கம் கால் இழுக்கும்போது, அதே இழுப்பை அனுபவித்த ஒருவருக்குப் போன் போடலாம். மாத்திரை பேசாது, இவர் பேசுவார். ஆனால் மனநல மாத்திரையை நிறுத்தச் சொல்வது எந்த உறுப்பினரின் வேலையும் இல்லை. அப்படிச் சொன்னால் கேட்காதீர்கள்.

வீட்டையும் சேர்த்துக் குணப்படுத்த வேண்டும் என்பதும் முக்கியம். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கும் முறை பல பத்தாண்டுகளாக இருக்கிறது. குடி போன வீட்டில் சந்தேகம் மட்டும் மிஞ்சினால் அவர் எத்தனை நாள் தாங்குவார்?

அப்புறம், சோர்வும் தூக்கமின்மையும் முதல் சில வாரங்களில் சகஜம். குடியை விட்டு ஒரு மாதம் ஆகியும் 'வாழ்ந்து என்ன' என்ற பேச்சு குறையவில்லை என்றால் மனச்சோர்வுக்குத் தனியாக வைத்தியம் வேண்டும். சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416க்கு எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள்.