'வேலை கிடைத்த பிறகு ஃபீஸ் கட்டினால் போதும்' என்கிறார்களா? ஓடிபி சொல்வதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

2023, 2024-இல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு இன்னும் வேலை தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, ஊரிலிருந்து சென்னைக்கு வந்து வேளச்சேரி, ஓஎம்ஆர் பக்கம் நாலு பேராக ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்களுக்கு. "இப்போது ஒரு ரூபாய்கூடத் தர வேண்டாம், டிரெய்னிங் முடிந்து வேலையில் சேர்ந்த பிறகு கட்டினால் போதும்" என்று ஒரு மென்பொருள் பயிற்சி மையம் என்னிடம் சொன்னது. இப்போது என் பெயரில் 90,000 ரூபாய்க் கடன் இருக்கிறது, மாதம் 7,500 வீதம் பன்னிரண்டு தவணை. வேலை வாங்கித் தரவில்லை, அந்த மையமும் இன்று அந்த இடத்தில் இல்லை. பெயரைப் போடாததற்குக் காரணம், புகார் விசாரணையில் இருக்கிறது. அதோடு இவர்கள் போர்டை மாற்றிவிட்டு அடுத்த தெருவில் வேறு பெயரில் கடை திறக்க ஒரு வாரம் போதும். அதனால் பெயரைவிட, இந்த வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உபயோகம்.

அப்போது நிலைமை எப்படி இருந்தது என்று எங்கள் பேட்ச்சைக் கேட்டால் தெரியும். 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையான ஒரே நிதியாண்டில் டிசிஎஸ்ஸில் 13,249 பேர் குறைந்தார்கள், பங்குச்சந்தைக்கு வந்த 2004-க்குப் பிறகு அங்கே ஆள் எண்ணிக்கை குறைந்த முதல் வருடம் அது. இன்ஃபோசிஸில் 25,994, விப்ரோவில் 24,516. அதற்கும் முன்பே, 2023 பிப்ரவரியில், வருடத்துக்கு ஆறரை லட்சம் சம்பளம் என்று ஆஃபர் வைத்திருந்த புதியவர்களிடம் மூன்றரை லட்சத்துக்கு வருகிறீர்களா என்று விப்ரோ கேட்டது செய்தியாகவே வந்தது. நான் ஈசிஇ. கேம்பஸில் ஒரு பெரிய கம்பெனியின் ஆஃபர் லெட்டர் என்னிடமும் இருந்தது, ஜாயினிங் தேதிதான் வரவே இல்லை. மெயில் போட்டால் 'பிசினஸ் தேவையைப் பொறுத்து' என்று ஒரே பதில். ஊரில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் "என்னப்பா, இன்னும் கூப்பிடலையா?" என்று கேட்பார்கள் பாருங்கள், அதற்குப் பயந்தே பாதிப் பேர் சென்னைக்கு பஸ் ஏறினோம். இந்த மையங்கள் வாழ்வது இப்படிப்பட்ட காலத்தில்தான். நல்ல வருடமாக இருந்தால் இவர்களிடம் யாரும் போக மாட்டார்கள்.

அவர்கள் பயிற்சி மையம் என்று சொல்லிக் கூப்பிடுவதில்லை. வேலை தேடும் தளத்தில் ரெஸ்யூமே போட்டிருந்தேன், அதைப் பார்த்து "உங்கள் ப்ரொஃபைல் ஷார்ட்லிஸ்ட் ஆகியிருக்கிறது, நேரில் இன்டர்வியூ" என்று போன் வந்தது. போனால் உண்மையிலேயே ஆப்டிட்யூட் டெஸ்ட், அப்புறம் டெக்னிக்கல் ரவுண்ட், அப்புறம் ஹெச்ஆர். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்க வேலை கிடைத்தவர்களின் போட்டோ, ஒவ்வொரு போட்டோவுக்குக் கீழேயும் நமக்குத் தெரிந்த கம்பெனியின் லோகோ. கடைசியில் ஹெச்ஆர் சொல்வார்: "கம்யூனிகேஷன் நன்றாக இருக்கிறது தம்பி, டெக்னிக்கல்தான் கொஞ்சம் வீக். ஜாவா ஃபுல் ஸ்டாக் மூன்று மாதம் எடுத்துக்கொண்டால் எங்கள் கிளையன்ட்டிடமே போட்டுவிடலாம்." அந்த இன்டர்வியூவில் 'வீக்' ஆகாதவர் ஒருவர்கூட இல்லை என்பது பின்னால் எங்கள் பேட்ச்சில் பேசிப் பார்த்தபோது தெரிந்தது.

பதினைந்து வருட அனுபவம் என்று போர்டில் போட்டிருந்தார்கள். சிஐஎன் என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பதிவு எண் உண்டு, 21 எழுத்துகளும் எண்களும் கலந்தது, ரசீதிலோ ஒப்பந்தத்திலோ இருக்கும். அதன் நடுவில் மாநிலத்தைக் குறிக்கும் இரண்டு எழுத்துக்கு அடுத்து வரும் நான்கு இலக்கம் கம்பெனி பதிவான வருடம். இவர்களுடையதில் இருந்தது 2022. கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் இதை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். சிக்கல் என்னவென்றால், பணமும் ஒப்பந்தமும் முடிகிற வரை அந்த எண் அச்சடித்த ஒரு காகிதம்கூட அவர்கள் கையிலிருந்து வெளியே வராது. கேளுங்கள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இனி முக்கியமான விஷயம். ஆதார், பான், ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட், ஒரு செல்ஃபி வீடியோ. எதற்கு என்று கேட்டேன். "டிரெய்னிங் சமயத்தில் ஸ்டைபண்ட் போட அக்கவுண்ட் வெரிஃபை செய்ய வேண்டும்" என்றார் கவுன்சலர் மேடம். இது லோனா என்று நேராகவே கேட்டேன், பக்கத்தில் இருந்த பையனும் கேட்டான். "லோன் எல்லாம் இல்லைப்பா, வெறும் ரெஜிஸ்ட்ரேஷன், வேலை கிடைத்தால்தான் ஆக்டிவேட் ஆகும்" என்றார். அவர் லேப்டாப்பில் எதையோ திறந்து வைத்துக்கொண்டு ஓடிபியைக் கேட்டு வாங்கி அவரே அடித்தார். முதலில் வந்த ஓடிபி கடன் ஒப்பந்தத்தில் ஆதார் வழியாகப் போடும் இ-சைன். சட்டப்படி அது நம் கையெழுத்துதான், பேனாவால் போட்டதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. அடுத்து வந்தது மாதாமாதம் என் கணக்கிலிருந்து பணம் எடுக்க வங்கிக்குத் தரும் அனுமதி, இ-மேண்டேட் என்பது. ஒப்பந்தத்தின் நகல் மெயிலில் வந்தது, ஆனால் எனக்கு அல்ல. விண்ணப்பத்தில் அவர்களே உருவாக்கிய ஒரு மெயில் ஐடியைப் போட்டிருந்தார்கள்.

பணம் எப்படிப் போகிறது என்று பாருங்கள். கடன் தருவது ஒரு வங்கி சாரா நிதி நிறுவனம். ஒப்பந்தம் முடிந்ததும் வட்டியை முன்கூட்டியே கழித்துக்கொண்டு மீதித் தொகையை மையத்துக்கு மொத்தமாகக் கொடுத்துவிடும். 'வட்டி இல்லாத் தவணை' என்று நம்மிடம் சொல்வது இதைத்தான். அந்த நிமிடமே மையத்துக்கு வர வேண்டியதெல்லாம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு நமக்கு வேலை கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன, அவர்களுக்கு ஒரு ரூபாய் நஷ்டமில்லை. கடைக்காரர் முழுப் பணத்தையும் வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்ட பிறகு சரக்கு எப்படி வரும்?

பயிற்சி மோசம் என்று சொல்ல மாட்டேன். ஜாவா எடுத்தவர் நிஜமாகவே தெரிந்தவர், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். அவருக்கே சம்பள பாக்கி என்பது அவர் நின்ற பிறகுதான் தெரிந்தது. அப்புறம் ரெக்கார்டட் வீடியோதான். பிளேஸ்மென்ட் என்று அனுப்பிய இடங்கள்: அம்பத்தூரில் ஒரு வாய்ஸ் பிராசஸ் (கால் சென்டர் வேலை), கிரெடிட் கார்டு விற்கும் வேலை, இன்னொரு கன்சல்டன்சி. போகவில்லை என்றால் "நீங்கள்தான் வாய்ப்பை மறுத்தீர்கள், எங்கள் பொறுப்பு முடிந்தது" என்று மெயில். ஒப்பந்தத்தில் இருந்ததும் 'பிளேஸ்மென்ட் உதவி' என்ற வார்த்தைதான், வாயால் சொன்ன 'நூறு சதவீத வேலை' எங்கும் இல்லை. சிலருக்கு இரண்டு வருட அனுபவம் இருப்பதாக ரெஸ்யூமே, போலி பே ஸ்லிப் எல்லாம் தயாரித்துக் கொடுத்தார்கள். அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள். பின்னணி சரிபார்க்கும்போது பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண்ணைக் கேட்பார்கள், அதில் பழைய கம்பெனி இல்லையென்றால் அங்கேயே கதை முடிந்தது. எங்கள் பேட்ச்சில் ஒருவனுக்கு சேர்ந்த பிறகு அப்படித்தான் வேலையே போனது.

முதல் தவணை போனது, அப்பா ரூம் வாடகைக்குப் போட்ட பணத்திலிருந்து. அதற்குள் மையத்தின் வாட்ஸ்அப் குழுவில் அட்மின் மட்டும் பேசும்படி மாற்றியிருந்தார்கள், அப்புறம் போன் ஸ்விட்ச் ஆஃப், அப்புறம் போர்டையே காணோம். கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பினால் வங்கி ஒரு அபராதம், கடன் நிறுவனம் ஒரு அபராதம். அப்பா நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறார். ரெஃபரன்ஸ் என்று கொடுத்த நம்பருக்கு வசூல்காரர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள், ராத்திரி ஒன்பது மணிக்கு, அவர் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்குக் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லியிருக்கிறது. அதைச் சொல்லி, கால் வந்த நேரத்தின் ஸ்கிரீன்ஷாட்டோடு நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மெயில் போட்ட பிறகுதான் அப்பாவுக்கு வந்த கால்கள் நின்றன.

இதில் மாட்டியிருப்பவர்கள் முதலில் மேண்டேட்டை நிறுத்த வங்கிக்கு ஓடாதீர்கள். வங்கியில் நிறுத்தினால் பணம் எடுப்பது நிற்கும், கடன் அப்படியேதான் இருக்கும். பணம் இல்லாமல் மின்னணுத் தவணை திரும்பினால், செக் பவுன்ஸ் போலவே வழக்குப் போடவும் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் இடம் இருக்கிறது. கடன் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்: சொன்னது இது, செய்தது இது, ஒப்பந்த நகலும், கடனின் வட்டி, கட்டணம், நிபந்தனை எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொல்லும் முக்கிய விவர அறிக்கையும் எனக்குத் தரப்படவில்லை என்று. கடனை அபராதம் இல்லாமல் ரத்து செய்துகொள்ளும் கால அவகாசம் எத்தனை நாள் என்பது அந்த அறிக்கையில்தான் இருக்கும், அதை மறைத்ததுதான் உங்கள் புகாரின் பலமே. 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்), சிஎம்எஸ் என்ற புகார் தளத்தில் பதியுங்கள், செலவில்லை, வக்கீல் தேவையில்லை, விவரம் கேட்க 14448.

போலீஸ் ஸ்டேஷனில் "இது பணம் கொடுக்கல் வாங்கல், சிவில்" என்றுதான் முதலில் சொல்வார்கள், எங்களிடமும் சொன்னார்கள். தனித்தனியாகப் போகாமல் பேட்ச்சாகப் போனோம், ஒரே மாதிரி பலரை ஏமாற்றியிருப்பது தெரிந்ததும் பேச்சு மாறியது. 2024 ஜூலை 1 முதல் நடந்ததென்றால் பாரதிய நியாய சன்ஹிதாவின் மோசடிக்கான 318-வது பிரிவு, அதற்கு முன்பென்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்காமல் ஸ்டேஷனை விட்டு வெளியே வராதீர்கள். ஆன்லைனில் பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.

இது வெறும் தொண்ணூறாயிரம் பற்றிய விஷயம் இல்லை என்பதற்கு இன்னொரு காரணம். ஐடி கைவிட்டதால் எங்களில் பாதிப் பேர் பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கிறார்கள். ஐபிபிஎஸ், எஸ்பிஐ அறிவிப்புகளைப் படித்துப் பாருங்கள், கடன் வரலாறு பற்றிய நிபந்தனை இருக்கிறது. எழுதித் தேறிய பிறகும் சிபில் ஸ்கோரால் (கடன் வரலாற்றுக்கான மதிப்பெண்) நியமனம் சிக்கலாகலாம். உங்கள் பெயரில் தெரியாமல் ஏதாவது ஓடுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள், ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். என் அறிக்கையில் தவணை தவறியதாக இன்னும் காட்டுகிறது. மீதித் தவணைகளை விசாரணை முடியும் வரை நிறுத்திவைக்கிறோம் என்று நிறுவனம் எழுதிக் கொடுத்திருக்கிறது, எடுத்ததைத் திருப்பித் தரவில்லை.

கற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்றால் என்பிடெல்லில் ஐஐடி பாடங்கள் இலவசம், தமிழக அரசின் நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டம் இருக்கிறது. தரமணியில் தொழில் பழகுநர் பயிற்சி வாரியம் இருக்கிறது, அதன் நாட்ஸ் தளத்தில் பதிந்து ஒரு நிறுவனத்தில் தேர்வானால் ஒரு வருடப் பயிற்சியில் மாத உதவித்தொகை நமக்கு அவர்கள் தருவார்கள், நாம் தர வேண்டியதில்லை.

அதே மையத்தில் படித்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த வாட்ஸ்அப் குழுவை விட்டு வெளியேறாதீர்கள். சாட்டை எக்ஸ்போர்ட் செய்து மெயிலில் வைத்துக்கொண்டு, சுவரில் இருந்த போட்டோக்களை யாராவது எடுத்திருந்தால் அதையும் சேர்த்து எனக்கு மெசேஜ் போடுங்கள். அடுத்த முறை எல்லார் பெயரையும் சேர்த்து ஒரே மனுவாகக் கொடுக்கப்போகிறோம்.